கடல் இல்லாமற்போன காலை

போலோசோவும் ஹிட்டேயும் பேச்சை நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தன. போலோசோ எங்கள் சபையின் மூப்பர். ஹிட்டே அவர் மனைவியின் தம்பி. தலைநகர் ஹொனியாராவில் வேதம் படித்துவிட்டு எங்கள் தீவுக்கே போதகராக வந்தவர்.

சண்டை வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் தொடங்கியது. கடைசி நாளில் சமுத்திரம் இல்லாமற்போகும் என்று அதில் இருக்கிறது. அங்கே சமுத்திரம் என்பது மனிதரைப் பிரிக்கும் துயரம், உப்புத் தண்ணீர் அல்ல என்று ஹிட்டே பிரசங்கித்தார். போலோசோ எழுந்து நின்று, அப்படியானால் பரலோகமும் ஒரு பேச்சுக்குத்தானா என்று கேட்டார். சபை சிரித்தது. அதன் பிறகு பாதிப் பேர் போலோசோ வீட்டில் தனியாக ஜெபிக்கப் போனோம். நானும் போனேன்.

அன்று காலை நிலம் அதிர்ந்தது. கொப்பரை உலர்த்தும் கொட்டகை சாய்ந்ததைத் தவிர ஊரில் சேதமில்லை. நிமிர்ந்து பார்த்தபோது கடலைக் காணோம். பவளத்திட்டு முழுவதும் வெளியே கிடந்தது. பள்ளங்களில் மீன்கள் துள்ளின.

போலோசோ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பாடியபடி திட்டில் இறங்கினார். நாங்கள் பின்னால் போனோம். பயமில்லை. அழுகையாக வந்தது, அவ்வளவு சந்தோஷம். கிழவர் ஜாலே எல்லாருக்கும் முன்னால் போய் மண்டியிட்டார்.

ஹிட்டே ஓடி வந்தார். வெறுங்கால், பவளம் கிழித்து ரத்தம். கடல் திரும்பி வரும், கரையேறுங்கள் என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்து இழுத்தார். யாரும் அசையவில்லை.

"கண்ணால பாத்தும் நம்ப மாட்டியா மாப்ள?" என்றார் போலோசோ. குரலில் கோபமே இல்லை.

ஹிட்டே ஒரு கணம் தொடுவானத்தைப் பார்த்தார். அங்கே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. பிறகு எங்கள் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"மலைக்கு ஓடுங்கன்னு ஏசு சொன்னாரா இல்லையா? வீட்டுல இருக்கறத எடுக்கக்கூட நிக்காதேன்னு சொன்னாரா இல்லையா? எழுதியிருக்குல்ல மச்சான்? எழுதினபடி செய்யுங்க!"

போலோசோவின் முகம் மாறியது. அந்த வசனம் அவருக்குத் தெரியாதா? பாட்டை நிறுத்தினார். "மலைக்கு," என்றார் எங்களிடம். மூப்பர் சொன்ன பிறகுதான் எங்கள் கால்கள் நகர்ந்தன.

ஓடினோம். பின்னால் இரைச்சல் கேட்டது. ஜாலேவைத் தூக்க போலோசோ திரும்பினார். ஹிட்டே அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக் கரைக்கு இழுத்தார். கிழவர் எழவே இல்லை. நாங்கள் மேட்டில் கால் வைத்ததும் கீழே அலை எங்கள் வீடுகளை வாரிக்கொண்டு போனது.

மலைத் தோட்டத்தில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தோம். போலோசோவின் மனைவி தன் தம்பியின் பாதத்தில் துணி சுற்றினாள். சுட்ட கிழங்கு கைமாறியது. ஜாலேவின் மகள் அழுது ஓய்ந்த பிறகு போலோசோ மெதுவாகக் கேட்டார்.

"அந்த வசனம் எருசலேம்காரங்களுக்குச் சொன்னது, நமக்கில்லன்னு நீதானே பிரசங்கம் பண்ணினே?"

"ஆமா மச்சான்."

"அப்ப எங்ககிட்ட பொய் சொன்னியா?"

ஹிட்டே காலில் சுற்றியிருந்த துணியை இறுக்கிக் கட்டினார். "தெரியல. கத்தறப்ப நான் அத நம்பினேன்."

போலோசோ தன் கையிலிருந்த கிழங்கைப் பிட்டு, பெரிய பாதியை அவரிடம் நீட்டினார்.