குனியாத கப்பா

செத்துச் செத்தே வயதாகிப் போனவர் குரேபயாஷி. கியோட்டோவின் அந்த ஸ்டூடியோவில் எடுத்த வாள்சண்டைப் படம் ஒவ்வொன்றிலும் கதாநாயகன் மித்சுகாவாவின் கையால் அவர் ஒருமுறையாவது செத்திருப்பார். இப்போது வாள்சண்டை ஓடுவதில்லை. பேய், பூதம் என்றால்தான் ஜனம் கொட்டகைக்கு வருகிறது. சாவதற்கு இத்தனை ஆள் எதற்கு என்று பாதிப் பேரை அனுப்பியாகிவிட்டது. இந்தப் படமும் கைவிட்டால் அடுத்தது அவர்தான். வீட்டில் மனைவியிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

கிடைத்தது கப்பா வேஷம். முதுகில் ஆமை ஓடு, உச்சந்தலைப் பள்ளத்தில் தண்ணீர். தண்ணீர் கொட்டினால் அந்த ஆற்றுப் பூதத்தின் பலம் போச்சு. ஆனால் மரியாதை தெரிந்த பூதம். எதிரே ஒருவர் குனிந்து வணங்கினால் தானும் குனியும், கொட்டிவிடும். குழந்தைகளுக்கும் தெரிந்த கதை.

டைரக்டர் சுருமாகிக்குத்தான் அது போதவில்லை. பாரிசில் கொஞ்ச நாள் இருந்து வந்தவர். அங்கே வாங்கிய வட்டத் தொப்பியைக் குளிக்கும்போதும் கழற்றுவதில்லை என்று பேச்சு.

"குனிஞ்சு குனிஞ்சே நாசமாப் போனோம்யா நாம. என் கப்பா குனியாது. அதுதான் புது ஜப்பான்."

சொல்லி முடிப்பதற்குள் ஸ்டூடியோ தலைவரின் அறையிலிருந்து போன் வந்தது. ரிசீவரைப் பிடித்தபடியே புது ஜப்பான் மூன்று முறை குனிந்து எழுந்தது.

காட்சி எளிது. சாமுராய் குனிவான், கப்பா நிமிர்ந்து நிற்கும். மித்சுகாவா குனிந்தார். குரேபயாஷியின் முதுகு அவரைக் கேட்காமலே வளைந்தது. தண்ணீர் முழுக்க மித்சுகாவாவின் பட்டு அங்கிமேல். மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் கொட்டியது.

"தினம் காலையில இவரைக் கண்டதும் குனியிற முதுகுங்கய்யா. நான் சொன்னா கேக்க மாட்டேங்குது."

"முதுகை மாத்து. இல்லேன்னா நான் ஆளை மாத்துறேன்."

உடை தைக்கும் யாச்சியோ பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாள். "அண்ணே, ஓட்டுக்குள்ள ஒரு பலகை வெச்சுக் கட்டிடட்டா?"

"கட்டும்மா. மூச்சு நின்னாலும் சரி, இறுக்கிக் கட்டு. சாகுறது பழகினதுதானே."

அடுத்த முறை கப்பா மலைபோல் நின்றது. சுருமாகி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேமரா நின்றதும் குரேபயாஷிக்கு உயிர் வந்தது. வேலை தப்பியது.

அப்போதுதான் தலைவர் உள்ளே வந்தார்.

விளக்குக்காரர்கள் குனிந்தார்கள். மித்சுகாவா குனிந்தார். சுருமாகி குனிந்த வேகத்தில் பாரிஸ் தொப்பி தரையில் விழுந்தது. ஒரே ஒரு பச்சைத் தலை மட்டும் நிமிர்ந்து நின்றது.

"அது யாரு?" என்றார் தலைவர்.

குரேபயாஷி இடுப்பை வளைத்துப் பார்த்தார். பலகை விடவில்லை. முகமூடிக்குள்ளிருந்து மன்னிப்புக் கேட்டார். தவளைச் சத்தம்தான் வெளியே வந்தது. வேறு வழி தெரியாமல் உடம்போடு முன்னால் சாய்ந்தார். வெட்டிய மரமாக விழ, தலைத் தண்ணீர் தலைவரின் ஷூவுக்குள் போனது.

தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இதான்யா கப்பா. சின்ன வயசுல கேட்ட கப்பா. இதையே வை."

"அதுக்குத்தானே ஐயா ஒத்திகை பாத்துக்கிட்டிருந்தோம்," என்றார் சுருமாகி, முழுக்க நிமிராமலே.

"உள்ள இருக்கிறவனை மட்டும் அனுப்பிடு. என்னைப் பாத்தும் மரம் மாதிரி நின்னான்."

"நானும் அதையேதான் நினைச்சேங்கய்யா."

யாச்சியோ குரேபயாஷியைத் தூக்கி நிறுத்தி முகமூடியைக் கழற்றினாள். பலகை பற்றி அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தலைவர் கால் துடைக்கத் துண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

இத்தனை காலம் வைத்திருந்ததற்கு நன்றி சொல்லிக் குனிந்தாவது பார்க்கலாம், மனசு மாறலாம் என்று குரேபயாஷி மூச்சை அடக்கி முக்கினார். பலகை அசையவில்லை. கண்ணீர் வழிய, தலைவரை நேருக்கு நேர் பார்த்தபடி நின்றார். அந்த ஸ்டூடியோவில் யாரும் அப்படி நின்றதில்லை. தலைவரின் சிரிப்பு நின்றது.

"திமிரைப் பாத்தியா," என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

சுருமாகி தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டு கேமராக்காரரின் விலாவில் இடித்தார்.

"அந்தாளு போறதுக்குள்ள முகமூடியை மாட்டிவிட்டு ஒண்ணு எடுத்துடுய்யா. இந்த நிமிர்வைத்தான் நான் காலையிலேர்ந்து கேட்டேன்."