கடை திறக்க ஒரு ராசியான கை

"அதுல நீ கை வைக்காதம்மா. சின்னவ வரட்டும்."

மாமியார் சொன்னது மடிக்கணினியைப் பற்றி. மூத்த மருமகள் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள்.

நான்கு வருடமாக அவள் தட்டித் தட்டி எழுத்தே தேய்ந்துபோன கணினி அது. சட்டை அளவுகளை எழுதியதும், படம் எடுத்து ஏற்றியதும், நேற்று வரைக்கும் முதுகு வலிக்க உட்கார்ந்து இணையக் கடையைக் கட்டியதும் அந்த விரல்கள்தான். எழுதலாம், தைக்கலாம், விலை போடலாம். 'வெளியிடு' என்ற பட்டனை மட்டும் தொடக் கூடாது. முதல் வியாபாரத்துக்குக் கணவன் உயிரோடிருப்பவளின் கை வேண்டுமாம். இந்த விவரம் தெரியாமல் இணையம் இத்தனை காலம் எப்படித்தான் ஓடியதோ!

மாமியாரும் கணவனை இழந்தவர்தான். ஆனால் அது இருபது வருடத்துக்கு முந்தைய கதை. அந்தத் துறையில் அவ்வளவு அனுபவம் சேர்ந்துவிட்டால் பதவி உயர்வு உண்டு. ஒதுக்கி வைக்கப்பட்டவர் ஒதுக்கி வைப்பவராகலாம்.

மூத்தவளின் கணவன் பக்கவாதத்தில் இரண்டு வருடம் படுத்துக் கிடந்தான். கையைத் தூக்க முடியாதவனுக்குச் சட்டை மாட்டுவது என்ன பாடு என்பது மாட்டியவர்களுக்குத்தான் தெரியும். அவள் பக்கவாட்டுத் தையலைப் பிரித்து, தோளிலிருந்து இடுப்பு வரை அழுத்துப் பட்டன் வைத்துத் தைத்தாள். நோகாமல் மாட்ட முடிந்தது. அந்தச் சட்டையை எப்படி வெட்டுவது, எப்படித் தைப்பது என்று இலவச வலைப்பூ ஒன்றில் எழுதினாள். வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர்கள் தேடி வந்து படித்தார்கள், சந்தேகம் கேட்டார்கள், கடைசியில் "நீங்களே தைச்சுக் குடுத்துடுங்களேன்" என்றார்கள். கணவன் போன பிறகு சொந்தக் காலில் நிற்க அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

விற்பனை என்ற சொல் காதில் விழுந்ததும் கொழுந்தன் விழித்துக்கொண்டான். அவன் டைல்ஸ் கம்பெனியில் விற்பனை அதிகாரி. இணைய வியாபாரம் பற்றி இரண்டு மணி நேர வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவன். அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தான்.

"அண்ணி, உங்க ஓசி வலைப்பூ எழுத மட்டும்தான் லாயக்கு. வாங்கறதை எடுத்துப் போடக் கூடை கிடையாது, பணம் கட்ட வழி கிடையாது. மாச வாடகைக்குக் கடைத் தளம் எடுத்துடலாம். பாக்க ஷோரூம் மாதிரி இருக்கும்."

"அதுல என் கட்டுரையெல்லாம் எங்க போகும்?"

"அதெல்லாம் எதுக்கு? கடைக்கு வர்றவன் படிக்கவா வர்றான்?"

"படிக்க வந்தவங்கதானே தம்பி வாங்கக் கேக்கறாங்க?"

அவள் சும்மா சொல்லவில்லை. ஆறேழு தளங்களில் இலவசச் சோதனைக் கணக்கு எடுத்துத் தானே ஓட்டிப் பார்த்திருந்தாள். அதில் ஒன்று அவளுடைய கட்டுரைகளையும் வாசகர் கேள்விகளையும் சிந்தாமல் கொண்டுவந்து, பக்கத்திலேயே கடையும் போட்டுக்கொள்ள விட்டது. வேலை அதிகம், வாடகை குறைவு. 'வாடகை குறைவு' என்றதும் கொழுந்தன் தலையாட்டினான். அன்று மாலைக்குள் அது அவன் கண்டுபிடித்த தளமாகிவிட்டது. அலுவலகத்தில் நான்கு பேருக்குச் சிபாரிசும் செய்துவிட்டான்.

அடுத்து 'எங்களைப் பற்றி' என்ற பக்கம். அதைத் தானே எழுதுவதாகச் சொன்னான்.

"நோயாளிக்கு வாங்கறவங்க, இந்தச் சட்டையப் போட்டவரு செத்துட்டாருன்னு படிச்சா வாங்குவாங்களா அண்ணி? யோசிச்சுப் பாருங்க."

யோசித்ததன் பலனாக, தையல் மெஷின் பக்கமே போகாத அவன் மனைவி மெஷின் முன்னால் சிரித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டாள். அவன் அந்தச் சட்டையை மாட்டி, இரண்டு கையையும் உயரத் தூக்கி நின்றான். கீழே ஒரு வரி: 'இதை அணிந்து மூன்றே வாரத்தில் எழுந்து நடந்தவர்.' சோம்பலைத் தவிர அவனுக்கு வேறு நோய் வந்ததே கிடையாது.

"தம்பி, அது உங்க அண்ணன் போட்டிருந்த சட்டை" என்றாள் அவள். சொல்லிவிட்டுத் தையலுக்குத் திரும்பினாள்.

இப்போது சின்னவள் அலங்காரத்தோடு வந்து உட்கார்ந்தாள். மூத்தவளைச் சமையலறைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். சின்னவள் கண்ணை மூடிப் பட்டனை அழுத்தினாள். கொழுந்தன் கைதட்டினான். திரையில் ஒரு வரி வந்தது: 'உங்கள் பக்கம் உரிமையாளரின் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டது.'

"உரிமையாளர்னா யாரு? நீங்கதானே?" என்று சின்னவள் கணவனைக் கேட்டாள்.

அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான். தளம் ஆளுக்கொரு சாவி கொடுக்கும். யாருக்கு எந்தச் சாவி என்பதைக் கடையைக் கட்டியவள் முடிவுசெய்திருந்தாள். அவர்கள் இருவருக்கும் எழுதி அனுப்பும் உரிமை. வெளியிடும் உரிமை அவளுக்கு மட்டும். அவளைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

ஈரக் கையைத் துடைத்தபடி அவள் வந்தாள். சின்னவள் தானாகவே எழுந்து இடம் விட்டாள். மூத்தவள் இரண்டு படங்களையும் நீக்கினாள். அந்த ஒரு வரியையும் அழித்தாள். தன் பெயரைப் போட்டு எழுதினாள்: 'என் கணவர் பதினாறு மாதம் இந்தச் சட்டையைப் போட்டிருந்தார். நோய் தீரவில்லை, இறந்துவிட்டார். ஆனால் ஒரு நாள்கூடச் சட்டை மாட்டும்போது அவருக்கு வலித்ததில்லை. தைப்பது நான்தான்.'

"ஐயோ, நல்ல நேரம் போயிடுச்சே!" என்றார் மாமியார்.

"எனக்கு அது எப்பவோ போயிடுச்சு அத்தை. கடை இப்பதான் தொறக்குது" என்று சொல்லிப் பட்டனை அழுத்தினாள்.

"ஒரு ஆர்டர் வராது, பாத்துக்கிட்டே இருங்க" என்றான் கொழுந்தன்.

பார்த்துக்கொண்டே இருந்தான். மாலைக்குள் ஒன்பது வந்தன. 'எங்க வீட்டுலயும் இதே கதைதாங்க' என்று நான்கு பேர் எழுதியிருந்தார்கள்.

மறுநாள் காலை, மகனும் சின்னவளும் வெளியே போன பிறகு மாமியார் தையல் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஒரு மாசமா வலது தோள் தூக்க முடியல. யார்கிட்டயும் சொல்லல. அந்த மாதிரி எனக்கும் ஒண்ணு..." கொஞ்சம் தயங்கினார். "நீ வெட்டிக் குடு. முதல் தையல் மட்டும் சின்னவ போடட்டும்."

"அவளுக்கு மெஷின் ஓட்டத் தெரியாது அத்தை."

மூத்தவள் கைபேசியில் கடையைத் திறந்து நீட்டினாள்.

"தைக்கறது யாருன்னு பேரு போட்டிருக்கு. படிச்சுப் பாருங்க. சம்மதம்னா நீங்களே அழுத்துங்க."

மாமியார் இரண்டு தடவை படித்தார். தெருவாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். வலது கை மேலே வரவில்லை. இடது கையால் அழுத்தினார்.

பத்தாவது ஆர்டர். அந்தக் கைக்கு ராசி உண்டா என்று யாரும் கேட்கவில்லை.