பொய்க்கதவு வைத்த கூடு

மூன்றாவது கூட்டுக்கு அளவெடுக்கக் கிருஷ்ணன்குட்டி ஆசாரி வந்த அன்று, சண்முகவடிவுக்கு வாய் திறந்து பேசவே அலுப்பாக இருந்தது. விடியும்போதே எழுந்து, இரண்டு கூட்டுக்கும் அடியில் கிடந்த முயல் புழுக்கையை வாரி வாழைத்தூரில் கொட்டி, முள்முருக்கு இலை ஒடித்துப் போட்டு, தண்ணீர்ச் சட்டிகளைக் கழுவி வைத்து, அதற்குப் பிறகுதான் மனிதர்களுக்கு அடுப்பு மூட்டியிருந்தாள். இப்போது வெயில் ஏறிவிட்டது. பலாமரத்தடியில் குனிந்து, கையிலிருந்த ஈர்க்கிலால் மண்ணில் ஒரு பெட்டியை வரைந்தாள்.

"நாலு கால், இடுப்பளவு உயரம். தளத்துக்குக் கமுகைப் பிளந்த வாரி. ஒரு விரல் இடம் விட்டு அடியுங்க, புழுக்கை கீழ விழட்டு. மழை வாற பக்கம் முழுசும் பலகை."

"அது கழிஞ்ச தவணையும் செய்ததாக்கும் அம்மே."

"இனி சொல்லுகதுதான் புதுசு." பெட்டியின் மூலையில் இன்னொரு சின்னப் பெட்டியை வரைந்தாள். "இது ஈனுகதுக்குள்ள அறை. இதுக்குள்ள வாரி வேண்டாம், குட்டிக்க காலு இடுக்கில போயிரும். பலகைத் தளம் போடுங்க. தாய் கேறி இறங்க ஒரு சாண் ஓட்டை. ஓட்டைக்கு நாலு விரல் படி வேணும். இல்லேன்னா முலையில தொங்கிக்கிட்டே குட்டி வெளிய வந்து விழும்."

ஆசாரி காதிலிருந்த பென்சிலை எடுத்தார். "கதவு?"

"முன்னால கதவு வேண்டாம். பின்னால, ஓலைக்கு அடியில, ஒரு பலகையை இழுத்து எடுக்க மாதிரி இருந்தா போதும்."

அவர் பென்சிலை மறுபடி காதில் செருகிக்கொண்டார். "முன்வாசல் இல்லாத்த புரை ஆசாரி கெட்டப்பிடாது. எங்க அப்பன் சொல்லும், முன்வாசல் இல்லாத்தது கல்லறை மாத்திரம் ஆக்கும்."

"மொசலுக்கு அதெல்லாம் தெரியாது."

"மொசலுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே. நாளைக்கு எனக்கு ஒண்ணு வந்தா ஆரு வந்து சமாதானம் சொல்லும்? மொசலா?"

சண்முகவடிவு மரத்தில் சாய்ந்துகொண்டாள். அவரோடு வாதாட ஒரு நாள் ஆகும் என்று தெரியும். ஆசாரியே இறங்கி வந்தார்.

"ஒண்ணு செய்யாம். முன்னால நிலையும் வச்சு, கதவும் வச்சு, ஒரு பித்தளைக் குமிழும் வச்சுத் தாறேன். ஆனா ஆணி அடிச்ச கதவு, திறக்காது. சாஸ்திரத்துக்கும் அது போதும், உங்க மொசலுக்கும் மதி."

"செய்யுங்க," என்றாள். பேச்சு முடிந்தால் போதும் என்றிருந்தது.

முயல்கள் அவள் கேட்டு வந்தவை அல்ல. கணவர் தாணுலிங்கம் பிள்ளை கச்சேரிக் குமாஸ்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த வருஷம், ஆரியங்கோட்டுக்கு அப்பால் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பினான். போகிறபோது மூன்று முயல்களை, ஆண் ஒன்று, பெட்டை இரண்டு, பிள்ளையிடம் விட்டுப் போனான். பிள்ளை அவற்றைக் கண்டு குழந்தையாகிவிட்டார். இவற்றைப் பெருக்கித் திருவனந்தபுரத்து பங்களாக்களுக்கெல்லாம் அழகு முயல் கொடுக்கப் போவதாகச் சொன்னார். சைவன் முயல் வளர்க்கிறானே என்று பாறசாலைச் சந்தையில் சிரித்தவர்களிடம், "சட்டிக்கு இல்ல ஓய், கண்ணுக்காக்கும்" என்று பதில் சொன்னார்.

முதல் கூடு அவர் மனதில் உதித்தது. நான்கு பக்கமும் கம்பிவலை, முற்றத்து நடுவில், வருகிறவர்கள் எல்லாத் திசையிலிருந்தும் பார்க்கும்படி. உச்சி வெயிலில் முயல்கள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. இரண்டாவது கூட்டைச் சண்முகவடிவு பலாமரத்து நிழலுக்கு மாற்றிக் காலும் கூரையும் வைத்தாள். ஒவ்வொரு காலின் கீழும் எறும்பு ஏறாமல் தண்ணீர் விட்ட மண்சட்டி. அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தினமும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு பிராணிக்கு என்ன வேண்டும் என்பது தெரியாமல் போகாது.

ஆனால் குட்டிகள் தங்கவில்லை. மாசி மாதம் சாம்பல் பெட்டை ஆறு போட்டது. மறுநாள் காலையில் இரண்டைக் கடித்துக் குதறியிருந்தது, மற்றவை விறைத்துக் கிடந்தன. சித்திரையில் வெள்ளைப் பெட்டை நான்கு போட்டது. அதுவும் அப்படியே. வெங்காயம்கூட யோசித்துச் சமைக்கும் அந்த வீட்டில், தாய் முயலின் வாயில் ரத்தத்தைக் கண்ட பிள்ளை அன்று சாப்பிடவில்லை. இரண்டு தடவையும், தாய் தன் வயிற்று ரோமத்தைப் பிடுங்கி மெத்தை போட்டிருந்த இடத்தில் ஒரு பழைய வேட்டித் துண்டு கிடந்தது. கணவர்தான் பார்க்க வருகிறவர்களுக்கு அழகாக இருக்கட்டும் என்று போட்டிருப்பார் என்று சண்முகவடிவு நினைத்தாள். குட்டி பிறந்தவுடனே பக்கத்து வீட்டுச் சிவதாணுவையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிவந்து, கதவைத் திறந்து, கையில் எடுத்துக் காட்டுகிறவர் அவர். அதனால்தான் முன்கதவு வேண்டாம் என்றாள்.

வெள்ளைப் பெட்டையின் குட்டிகளைப் புதைத்த அன்று பிள்ளையின் அக்கா சொர்ணம்மாள் கிணற்றடியில் நின்று ஒரு வார்த்தை சொன்னாள். இருபது வயதில் தாலியறுத்துத் தம்பி வீட்டுக்கு வந்தவள். கெட்ட மனசில்லை.

"சில கைக்குத் தங்காதுட்டி வடிவு. அதுக்கு நீ என்ன செய்வே."

சண்முகவடிவு மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூன்று பிறந்தன. இரண்டு ஆண், கடைசியாக ஒரு பெண். மூன்றும் பெயரிடும் நாளுக்கு முன்னால் போய்விட்டன. பெயர் இல்லாததால் அவற்றை மனதுக்குள் கூப்பிடக்கூட வழியில்லை. பதினாறு வருஷம் ஆகிவிட்டது. அந்தத் துக்கம் வற்றிவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள். வற்றவில்லை, அலுப்பாக மாறியிருந்தது. காலையில் எழும்போதே தோளில் இருக்கும். படுக்கும்போதும் இறங்காது. கை என்று சொர்ணம்மாள் சொன்ன பிறகு, சோறு வடிக்கும்போதும் இலை ஒடிக்கும்போதும் தன் கைகளையே பார்த்தாள். இந்தத் தடவை குட்டிகள் தங்கவேண்டும். கேவலம் ஒரு முயலைக்கொண்டு தன்னைப் பற்றி ஒரு தீர்ப்பு வாங்க நினைப்பது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும், வேண்டும் என்றிருந்தது.

ஆனி பிறந்தது. மழை விடாமல் பெய்தது. கூடு வந்து சேர்ந்தபோது பிள்ளை அதைச் சுற்றி வந்தார். பித்தளைக் குமிழைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"இது என்ன வடிவு, கச்சேரிக் கஜானாவா? சிவதாணு வந்தா நான் எதைக் காட்ட?"

"தாயைக் காட்டுங்க."

"தாயை அவரு ரெண்டு தவணை பார்த்தாச்சே."

"குட்டியையும் ரெண்டு தவணை பார்த்தாச்சு."

பிள்ளை மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சாம்பல் பெட்டைக்கு நாள் நெருங்கியது. முப்பதாம் நாள் வாய் நிறைய வைக்கோலைக் கவ்விக்கொண்டு அந்த ஒரு சாண் ஓட்டைக்குள் போய் வந்தது. மறுநாள் அதன் வயிற்றில் ரோமம் இல்லாத திட்டு தெரிந்தது. அன்று சாயங்காலம் தாய் வெளியே வந்து ஒரு சட்டித் தண்ணீரையும் குடித்தது. சண்முகவடிவுக்குப் புரிந்தது. பின்பலகையை இழுத்துப் பார்க்கக் கை பரபரத்தது. கணவரைக் குறை சொன்னோமே, நமக்கும் அதே ஆசைதானே என்று நினைத்துக்கொண்டாள். தண்ணீர்ச் சட்டியை மட்டும் நிறைத்து வைத்துவிட்டு வந்தாள்.

காலையில் மழை சற்றே விட்டிருந்தது. இலை ஒடித்துக்கொண்டு பலாமரத்துப் பக்கம் வந்தவள் நின்றாள். கூட்டின் முன்னால் ஈரச்சேலையோடு சொர்ணம்மாள். இடது கையில் பித்தளைச் செம்பு, கக்கத்தில் மடித்த வேட்டித் துண்டு. வலது கையால் குமிழைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே பெட்டை பின்னங்காலால் பலகையை உதைக்கும் சத்தம் கேட்டது.

"ஏட்டி, இந்தக் கதவு என்னட்டி திறக்கமாட்டேங்குது? மழையில ஊதிப்போச்சா?"

"என்ன மைனி செய்யப் போறிய?"

"என்ன செய்ய. ஈன்ற தீட்டு கிடக்கு. பசு ஈன்றா கழிக்க மாட்டமா? கூட்டைக் கிணத்துக்குப் பக்கத்தில வச்சிருக்கு, அந்தக் கிணத்துத் தண்ணியில சாமிக்கு விளக்கு கழுவணும். குட்டியளை மஞ்சத்தண்ணியில முக்கித் துடைச்சு, அந்த மயிரையும் குப்பையையும் வாரிக் களைஞ்சிட்டு, நல்ல துணி விரிச்சு விடணும்."

சண்முகவடிவின் கையிலிருந்த இலைக்கட்டு கனத்தது. "முந்தியும் செய்தியளா?"

"பின்னே? ரெண்டு தவணையும் நான்தானே செய்தேன். நீ எந்திரிக்க முன்னாலே முடிச்சிருவேன். இதை ஒரு காரியம்னு சொல்லவா செய்வாங்க?"

அவள் மறைக்கவில்லை. முற்றம் பெருக்கினேன் என்று யாராவது வந்து சொல்வார்களா, அதுபோல. வீட்டில் யார் கண்ணிலும் படாமல் நடக்கும் நூறு வேலைகளில் அதுவும் ஒன்று. சொந்த ரோமத்தின் வாசனை போய், மஞ்சள் வாசனை அடிக்கும் ஏதோ ஒன்று தன் அறையில் கிடப்பதைக் கண்டு தாய் அரண்டிருக்கிறது. ஈரத்தோடு கிடந்தவை குளிரில் விறைத்திருக்கின்றன. கதவைத் திறந்து காட்டியவரும் இல்லை, கைராசி இல்லாதவளும் இல்லை. ஒரு செம்புத் தண்ணீர்.

அதோடு நிற்கலாம் என்றுதான் அவளுக்கும் இருந்தது. ஆனால் கேள்வி தானாக வந்தது.

"எனக்க பிள்ளையளையும் இப்படித்தான் செய்தியளா மைனி?"

சொர்ணம்மாள் குமிழிலிருந்து கையை எடுத்தாள். முகத்தில் ஒரு கனிவு வந்தது.

"ஒரு நாளு விட்டிருப்பனா? நீ மயங்கிக் கிடப்பே. விடியும்போ எடுத்திட்டுப் போய்க் கிணத்தடியில வச்சுக் குளிப்பாட்டுவேன். அந்தப் பெண்பிள்ளை பிறந்தது ஆடி மாசமாக்கும். காத்து என்ன காத்து. எனக்க கை விறைச்சு விரல் மடங்காது. இருந்தும் நான் விடல்ல, மக்கா."

மழை மறுபடி பிடித்தது, மெல்ல. சண்முகவடிவு அந்தக் கைகளைப் பார்த்தாள். எலும்பும் நரம்புமாக, நகக்கண்ணில் மஞ்சள். விரல் மடங்காமல் விறைத்த கைகள் அவை. அவற்றில் ஒரு நாள் வயதான பிள்ளை. காய்ச்சல் என்றுதான் வைத்தியர் சொன்னார். காய்ச்சலாகவும் இருக்கலாம். இனி யாரால் சொல்ல முடியும்? இதைச் சொன்னால் இந்தக் கிழவிக்கு மிச்சமிருக்கும் நாட்கள் என்ன ஆகும்? சொல்லாவிட்டால் தனக்கு என்ன ஆகும்? கோபப்படலாம் என்று பார்த்தாள். கோபத்துக்கு வேண்டிய பலம் எங்கேயும் இல்லை. குட்டிகள் உள்ளே இருக்கின்றன, அவ்வளவுதான் இப்போது நிச்சயம்.

"செம்பை இங்க தாங்க மைனி."

வாங்கினாள். குனிந்து, கூட்டின் நான்கு காலடியிலும் இருந்த மண்சட்டிகளில் மஞ்சள் தண்ணீரைப் பங்கிட்டு ஊற்றினாள். கடைசிச் சொட்டையும் கவிழ்த்தாள்.

"தீட்டு இதுக்கு மேல கேறாது. எறும்பும் வராது."

சொர்ணம்மாள் யோசித்தாள். "துணி?"

"துணி வேண்டாம்."

"அந்த மயிரு…"

"அது அதுக்க தாய் போட்டதாக்கும். கிடக்கட்டு." குரல் உயரவில்லை. ஆனால் கூட்டுக்கும் கிழவிக்கும் நடுவில் நகர்ந்து நின்றுகொண்டாள். சொர்ணம்மாள் வெறும் செம்பை வாங்கிக்கொண்டு, "உனக்க இஷ்டம்" என்று நனைந்தபடியே கிணற்றடிக்குப் போனாள்.

அதன்பிறகு பத்து நாட்கள். தாய் நாளைக்கு ஒரு தடவை, சில நாள் இரண்டு தடவை, ஓட்டைக்குள் போய்ச் சீக்கிரமே வெளியே வந்துவிடும். மற்ற நேரமெல்லாம் குட்டிகள் இருப்பதே தெரியாததுபோல் இலை தின்னும். பால் கொடுக்கிறதோ இல்லையோ என்று சண்முகவடிவு தவித்தாள். திறக்கவில்லை. காலையில் சொர்ணம்மாளுக்கு முன்னால் எழுந்து, இலையோடு பலாமரத்தடியில் நின்றாள். இரண்டொரு நாள் சொர்ணம்மாள் கிணற்றடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். ஒரு மத்தியானம் சிவதாணுவைக் கூட்டிவந்த பிள்ளை ஆணி அடித்த முகப்பைக் காட்டி, "உள்ள இருக்கு ஓய். நம்பிக்கையில கும்பிடுங்க, கர்ப்பக்கிரகம் மாதிரி" என்றார்.

பதினோராம் நாள் பின்பலகையை இரண்டு விரல் இழுத்தாள். சாம்பல் ரோமம் மூச்சு விட்டு அசைந்தது. அதற்குள்ளிருந்து ஒன்று தலையைத் தூக்கியது. ஒரு கண் திறந்திருந்தது, மறு கண் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால் நான்கு, உருண்டு திரண்டு. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. பலகையைத் தள்ளி மூடிவிட்டு, வாழைத்தூரில் ஈரத்திலேயே சற்று உட்கார்ந்தாள்.

வேலிக்கு அப்பாலிருந்து சொர்ணம்மாளின் குரல் கேட்டது. பக்கத்து வீட்டு அம்மிணியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "நாலு காலுக்கும் மஞ்சத்தண்ணி விட்டம்லா, அதாக்கும் இந்தத் தவணை தங்கிச்சு. முந்தியெல்லாம் குட்டிக்கு மட்டும்தான் விட்டேன்."

சண்முகவடிவு கேட்டுக்கொண்டே இருந்தாள். திருத்தவேண்டும் என்று தோன்றவில்லை.

அடுத்த வாரம் வெள்ளைப் பெட்டைக்கும் ஒரு கூடு கட்ட ஆசாரி வந்தார். கமுகு வாரியைச் சீவியபடி கேட்டார்.

"அம்மே, இதுக்கும் அந்தப் பொய்க்கதவு வேணுமா? வேண்டாம்னா எனக்கு ஒரு நாளு வேலை குறையும். திறக்காத்த கதவு வச்சு ஒரு கூடு கெட்டியும் எனக்கு ஒண்ணும் வரல்லியே."

"வேணும்."

"சாஸ்திரத்துக்கா?"

கிணற்றடியில் சொர்ணம்மாள் முதுகைக் காட்டி விளக்குத் துலக்கிக்கொண்டிருந்தாள். சண்முகவடிவு அந்த முதுகைப் பார்த்தாள்.

"பிடிச்சு இழுக்க ஒண்ணு வேணும்லா ஆசாரி. குமிழை நல்ல பலமா வையுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. வடிக்க இன்னும் நேரம் இருந்தது. பாயை விரித்து, பட்டப்பகலில், கைகளைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாள்.