விஸ்வகர்மா பூஜையன்று வேறு கம்பெனி ஆயில்

1

இந்தக் கதை டாக்குரியா பெட்ரோல் பங்கில் பொறுக்கியது. ஒரு பழைய காரின் பானெட் திறந்திருந்தது. ஒரு அம்மாள் கையில் ஆயில் டப்பா. அவர் கணவர் ஆயில் ஊற்றும் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றார். சண்டை தமிழில். கல்கத்தாவில் தமிழ்ச் சண்டை காதில் விழுந்தால் எனக்குக் கால் நகராது. இரண்டே இரண்டு பேச்சுத்தான் கேட்டேன். பெயர் உட்பட மீதியெல்லாம் நான் கட்டுவது.

2

முதல் தொடக்கம்: "திருவேங்கடம் ஒரு கஞ்சன். ஆகவே அவர்..."

வேண்டாம். கஞ்சனுக்கு இவ்வளவு பதற்றம் வராது.

இரண்டாவது: "இரண்டு கம்பெனி ஆயில் கலப்பது, கல்யாணத்தில் இரண்டு குடும்பங்கள்..."

சீ. அடித்துவிட்டேன்.

நேராகவே சொல்கிறேன். திருவேங்கடத்தின் மனைவி அலமுவின் அக்கா கரக்பூர் ஆஸ்பத்திரியில் பிழைக்க மாட்டாத நிலையில் இருக்கிறாள். அலமு அவளை உயிரோடு பார்க்க வேண்டும். (ரயில் இல்லையா என்பீர்கள். அன்று அந்தப் பாதையில் மறியல்.) காரில் கிளம்பித் தெருமுனை தாண்டியதும் ஆயில் விளக்கு எரிகிறது.

3

பங்கில் இருப்பது வேறு கம்பெனி ஆயில். திருவேங்கடம் வழக்கமாகப் போடுவது பக்கத்து காரேஜில் உண்டு. ஆனால் அன்று விஸ்வகர்மா பூஜை, வங்காளிகளின் ஆயுத பூஜை. ஸ்பானர்களெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு சாமி முன்னால் படுத்திருக்கின்றன. ஆயில் அலமாரியை அடைத்துக்கொண்டுதான் சிலையே உட்கார்ந்திருக்கிறது. புதுச்சட்டை போட்ட மெக்கானிக், "ஆஜ் ஹாத் தேபோ நா, காக்கு" என்கிறார். இன்று கை வைக்க மாட்டாராம்.

"நமக்கு ஆயுத பூஜை வர இன்னும் நாள் இருக்கே!" என்கிறார் திருவேங்கடம். பிறந்து வளர்ந்தது இந்த ஊர்தான். வீட்டில் தொங்குவது மட்டும் மெட்ராஸ் காலண்டர். எங்களவர்கள் வருஷா வருஷம் ஏமாறும் இடம் இது.

4

(கட்டுரை மாதிரி ஒரு பத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் கிரேடும் தரமும் ஒன்றாக இருந்தால், அவசரத்துக்கு வேறு கம்பெனி ஆயிலை ஊற்றலாம். பிறகு மொத்தமாக மாற்றிவிட்டால் சரி. ஆயில் குறைந்த வண்டியை ஓட்டுவதுதான் ஆபத்து. அலமு கையில் இருந்தது அதே கிரேடு.)

அப்படியென்றால் மனுஷன் கையை எடுக்க வேண்டியதுதானே? எழுதி எழுதிப் பார்க்கிறேன், எடுக்க மாட்டேன் என்கிறார். எனக்கு ஆத்திரமாக வருகிறது. அங்கே அக்கா காத்திருக்கிறாள் ஐயா!

வேறு வழியில்லாமல், நான் காதால் கேட்டதை அப்படியே போடுகிறேன்.

"நடுவழியில வண்டி நின்னுடுத்துன்னா, அக்கா மொகத்தப் பாக்க விடாம பண்ணினேள்னு ஆயுசுக்கும் சொல்லுவே."

"இங்கயே நின்னா மட்டும் சொல்ல மாட்டேனா?"

கையை எடுத்தார். அவளே ஊற்றினாள். வண்டியைக் கிளப்பியதும் விளக்கு அணைந்தது.

5

முடிவு அ: போய்ச் சேர்கிறார்கள். அக்கா கண் திறந்து, "அலமு, வந்துட்டியா..."

இதை எழுத ஆசைதான். எழுதும்போதே கை கூசுகிறது.

முடிவு ஆ: வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. அக்கா அதற்குள் போய்விடுகிறாள். ஆயில் கலந்ததில் தப்பில்லை என்று நிரூபணமாகிறது. யாருக்கு வேண்டும் அந்த நிரூபணம்?

எஞ்சினுக்கு நான் பொறுப்பு. அதற்குமேல் என்னால் ஆகாது. வழியில் உலுபேரியா வரை அவர்களோடு வந்தேன், இங்கே இறங்கிக்கொள்கிறேன். பின்சீட்டில் நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள். அடுத்து வரும் கோலாகாட் பாலத்தில் அலமுவின் போன் அடிக்கும், கரக்பூரிலிருந்து. அவளுக்கு எடுக்கத் தைரியம் வராது. அவர் கை ஸ்டியரிங்கில்.

நீங்கள் எடுங்கள்.