நானா குடிக்காத பிளேன்டீ

இறந்தவரைச் சுமக்கும் சந்தூக்கைப் பள்ளிவாசலின் முன்வரிசைக்கு முன்னால் இறக்கி வைத்த பிறகும் ஸாஹிரின் தோள் கனத்தது. உள்ளே இருந்தது அவருடைய தம்பி ஸனூஸ். காலையில் கடையைத் திறந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துணிக்கட்டுகளின் மேலேயே சாய்ந்துவிட்டான். மாலை அஸர் தொழுகைக்கு ஜனாஸா பள்ளிக்கு வந்துவிட்டது.

"சேர், மூத்தவர் நீங்கதான். தொழவெக்க முந்தி சொல்ல வேண்டியதச் சொல்லுங்க," என்றார் மௌலவி.

இறந்தவருக்காக ஊரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுதான் வழக்கம்.

சொந்த ஊரான பதுளைக்கே மூத்த நீதிபதியாக மாற்றலாகி வந்த அன்று, ஸாஹிர் இளைய நீதிபதிகளைக் கூப்பிட்டு ஒன்றைத்தான் சொன்னார்: இங்கே யார் வீட்டிலும் கை நனைக்கக் கூடாது. நீதிபதி ஒரு கடையில் உட்கார்ந்தால் அந்தச் செய்தி பசறை பஸ்ஸுக்கு முன்னால் பசறைக்குப் போய்விடும். சொன்னவரே மீறினால் அவர்களிடம் எந்த முகத்தோடு பேசுவது? தம்பியின் புடவைக்கடைக்கும் அதே சட்டம்தான். மாலையில் கார் கடையைக் கடக்கும்போது ஸனூஸ் வாசலில் நின்று கை தூக்குவான். இவர் நேரே பார்த்துக்கொண்டு போவார்.

"ஒருக்கா வந்து ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்களேன் நானா," என்று அண்ணனைப் போனில் கூப்பிடுவான்.

"பென்ஷன் எடுத்தபொறகு வாறேன்டா."

"அதுவரைக்கும் தண்ணி கொதிச்சிட்டே இருக்கும்," என்று சிரிப்பான்.

போன மாதம் அந்த இளைய நீதிபதிகளில் ஒருத்தியான நீதவான் தயானி தன் கிளார்க்கின் தாய் இறந்த வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். அவளும் போகவில்லை.

ஸாஹிர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். பஸார்க்காரர்கள், ஆட்டோக்காரர்கள், தீபாவளிக்குக் கடனில் துணி எடுத்துப் போன தோட்டத்து ஆட்கள் கேட்டுக்கு வெளியே.

"என்ட தம்பி யாருக்காவது மனசு நோக நடந்திருந்தா, மன்னிச்சிக்கங்க."

"மன்னிச்சிட்டோம்," என்று பல குரல்கள் கேட்டன.

ஸனூஸ் யார் மனதை நோகடித்தான்? நோகடித்தவர் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார். அவரை மன்னிக்க வேண்டியவன் சந்தூக்குக்குள் கிடந்தான். தொழுகையை மூத்தவராக ஸாஹிரே முன்னின்று நடத்தினார். கடைசி 'அல்லாஹு அக்பர்' தக்பீரை மட்டும் அவருக்குப் பதிலாக மௌலவிதான் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

அடக்கம் முடிந்து கடைக்கு மேலே இருந்த தம்பி வீட்டுக்கு வந்தபோது, எதிர்ப்பக்கம் குடையோடு தயானி நின்றாள். அவரைக் கண்டதும் பயந்துபோனாள்.

"மன்னிக்கணுங்க சேர். மனசு கேக்கல. உள்ள வரல, வெளியதான் நிக்கிறேன்."

அவர் தெருவைக் கடந்து அவளிடம் போனார்.

"உள்ளுக்கு வாங்க மகள்," என்றார். "நாளைக்கு ஒங்கட கிளார்க் வீட்டுக்கும் போவம். நானும் வாறேன்."

பாதி இறக்கிய ஷட்டருக்குள் குனிந்து போய், ஸனூஸின் ஸ்டூலில் உட்கார்ந்தார். கடையில் வெகுகாலமாக வேலை செய்யும் ஜஸீல் பிளேன்டீ ஊற்றினார்.

"சீனி எவ்வளவு சேர்?"

"தம்பி எப்பிடிக் குடிப்பான்?"

"கூடப் போட்டு."

"அப்பிடியே போடுங்க."

வெளியே, பஸார் முழுவதும் பார்க்க, நீதிபதியின் கார் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தது.