ஒன்பதாம் நாள் மூட்டை

மூக்கை நம்பி எடுக்கப்பட்ட எந்த முடிவும் மனித குல வரலாற்றில் உருப்பட்டதில்லை என்று என் அப்பா வெங்கடகிருஷ்ணன் சொன்னார். அம்மா அப்போது பால் கேனைத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தாள். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் முகரப்படாத பொருள் ஐஸ் மட்டும்தான்.

"எக்ஸ்பைரி டேட் போட்டிருக்கே நாகு. படிச்சா போறாதா?"

"அது கம்பெனிக்காரன் போட்டது. அவனா குடிக்கப் போறான்?"

"உன் மூக்கைக் கடைசியா எப்போ கேலிப்ரேட் பண்ணினே? சர்டிஃபிகேட் இருக்கா?"

அப்பா சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக மருந்துக் கம்பெனியில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறவர். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் கேட்டார். நியூ ஜெர்சி குளிரில் இட்லி மாவு பொங்காது என்பதால் அம்மா பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டுவிடுவாள். காலையில் மூடியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு முகர்தல். "ஆச்சு" என்பாள், அல்லது "இன்னும் ரெண்டு மணி" என்பாள். இதைப் பொறுக்க முடியாமல் அப்பா ஒரு தீபாவளிக்கு அவளுக்குப் புளிப்பு அளக்கும் மீட்டர் வாங்கிக் கொடுத்தார். அது கரண்டிகளோடு டப்பாவில் நிற்கிறது.

நான் குளிர்கால விடுமுறைக்குக் காலேஜிலிருந்து வந்திருந்தேன். வீட்டில் அப்போது எல்லாப் பேச்சும் ஒரு குதிரையைப் பற்றியதாக இருந்தது.

குதிரையின் பெயர் பிஸ்கட். வயது இருபத்து மூன்று. என் தங்கை ரக்ஷா பதினொரு வயதில் அதன்மேல் ஏறித்தான் சவாரி கற்றாள். வயதாகிவிட்டது என்று பயிற்சிப் பள்ளி அதை ஒதுக்கியபோது, மூன்று நாள் சாப்பிடாமல் இருந்து அதை எங்கள் குடும்பத்தில் சேர்த்தாள். பிரிட்ஜ்வாட்டர் கோயிலிலிருந்து மேற்கே அரை மணி நேரம் ஓட்டினால் வரும் ஒரு லாயத்தில் அது இருந்தது. தினமும் காலைத் தீனி நாங்கள் போட வேண்டும் என்பது ஏற்பாடு.

பிஸ்கட்டுக்கு மூச்சு நோய். காய்ந்த புல்லில் இருக்கும் தூசி பட்டால் இருமும். சென்ற குளிர்காலத்தில் இருமி இருமி விலா எலும்பு தெரியும்படி ஆகிவிட்டது. புல்லை ஊறவைத்துப் போட்டால் தூசி அடங்கும். ஆனால் ஜனவரியில் தொட்டித் தண்ணீர் புல்லோடு சேர்ந்து உறைந்துவிடும். அதனால் கால்நடை டாக்டர் ஹேலேஜுக்கு மாற்றச் சொன்னாள். பாதி காய்ந்த புல்லைக் காற்றுப் புகாமல் பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்டி, லேசாகப் புளிக்க விட்டது. தூசி இருக்காது. ஆனால் குதிரையின் வயிறு அதற்குப் பழக வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்ற வேண்டும்.

"இதுவும் சரிப்படலேன்னா, இன்னொரு குளிர்காலம் அதைத் தள்ளவைக்கிறது அதுக்குச் செய்யற நியாயம் இல்லை" என்று டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னாள். கருணை ஊசி என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. ரக்ஷா பிஸ்கட்டின் பிடரி மயிரைப் பின்ன ஆரம்பித்தாள். பின்னி முடித்ததும் அவிழ்த்துத் திரும்பப் பின்னினாள்.

அப்பா பொறுப்பேற்றார். பத்துக்கு ஒரு பங்கில் ஆரம்பித்து இருபது நாளில் முழு ஹேலேஜ். அட்டவணை, தராசு, ஒவ்வொரு நாளுக்கும் கையெழுத்து. வந்த மூட்டைகளில் ஒன்றிலிருந்து சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பி, ஈரப்பதமும் புளிப்பும் சரி என்று சர்டிஃபிகேட் வாங்கி, லாயத்துச் சுவரில் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டினார். பக்கத்துக் கொட்டடியில் இருந்த குதிரைகளுக்கு ஜாதகம்கூடக் கிடையாது.

எட்டு நாள் நன்றாகப் போயிற்று. இருமல் பாதியாகக் குறைந்தது. ரக்ஷா என்னிடம், "ஹி ஸ்லெப்ட் லையிங் டவுன், சுஹாஸ்" என்றாள். மூச்சு முட்டும் குதிரை படுத்துத் தூங்காதாம்.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு நேராக லாயத்துக்குப் போனோம். அம்மாவுக்குக் குதிரை என்றால் பயம். பட்டுப்புடவைக்கு மேல் பார்க்கா கோட்டு போட்டுக்கொண்டு, புளியோதரை டப்பாவை மார்போடு அணைத்தபடி வாசலிலேயே நின்றாள். அப்பா புது மூட்டையைத் தூக்கி வந்தார். அதன் ஓரத்தில் எலி கடித்தது போல ஒரு சின்ன ஓட்டை. அப்பா ஏற்கெனவே அதைப் பார்த்து, பேக்கிங் டேப் ஒட்டி, அட்டவணையில் 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதியிருந்தார். மூட்டையைப் பிரித்ததும் அம்மா வாசலிலிருந்தே முகத்தைத் திருப்பினாள்.

"ஏன்னா, இத போடாதேங்கோ."

"ஏன்?"

"ஊசிப்போயிருக்கு."

"இது புளிச்ச புல்லு நாகு. புளிச்ச வாசனைதான் வரும்."

"புளிப்பு வேற, ஊசினது வேற. மூணு வாரம் முன்னாடி அந்த இட்லி மாவைக் கொட்டினேனே, அதே வாசனை."

"குதிரை கிட்ட வரவே பயம். குதிரைத் தீனிக்கு மட்டும் எக்ஸ்பர்ட்டா?" அப்பா சுவரைக் காட்டினார். "பாரு. லேப் ரிப்போர்ட். சைன் பண்ணி சீல் வெச்சது. உன்னுது?"

ரக்ஷா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மூட்டையில் கையை விட்டு அவளும் கொஞ்சம் எடுத்து முகர்ந்தாள். ஆனால் அவளுக்கு மாவு ஆட்டித் தெரியாது. அப்பா எடைபோட்டு, பிஸ்கட்டின் முன் வைத்து, கையெழுத்துப் போட்டார். பிஸ்கட் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சாப்பிட்டது. அது யாரையும் வருத்தப்படுத்தாத குதிரை.

ஞாயிறு விடிந்ததும் லாயத்திலிருந்து போன் வந்தது. போனபோது பிஸ்கட் முன்காலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தது. தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. படுக்கப் பார்க்கும்போதெல்லாம் ரக்ஷா கயிற்றைப் பிடித்து இழுத்து நடக்கவைத்தாள். குளிரில் அதன் உடம்பில் வியர்வை ஆவியாகக் கிளம்பியது.

டாக்டர் வந்து வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். வலிக்கு ஊசி போட்டாள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினாள். "நேத்து என்ன போட்டீங்க?" என்றாள். அப்பா சர்டிஃபிகேட்டைச் சுவரிலிருந்து எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. மூட்டைக்குள் தலையை விட்டாள். உடனே எடுத்துவிட்டாள்.

"மோல்ட்" என்றாள். ஓட்டை வழியாகக் காற்றுப் போனால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும், டேப் ஒட்டினாலும் பிடித்தது பிடித்ததுதான் என்றாள். அவள் மூக்குக்குச் சர்டிஃபிகேட் உண்டா என்று அப்பா கேட்கவில்லை.

இனிமேல் லத்தி போட்டால் பிழைத்தது. இல்லையென்றால் சாயங்காலம் பேச வேண்டியிருக்கும்.

ஆறு மணி நேரம் நடத்தினோம். ரக்ஷா, நான், அப்பா, மாறி மாறி. அப்பா ஆபீஸ் ஷூவோடு பனிச்சேற்றில் நடந்தார். ஒருமுறை கயிற்றை அவரிடம் கொடுக்கும்போது ரக்ஷா நின்றாள். பிறந்ததிலிருந்து தமிழில் கேட்டு ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும் பெண்.

"அம்மா சொன்னாளேப்பா" என்றாள்.

அப்பா கயிற்றை வாங்கிக்கொண்டார். அடுத்த சுற்று முழுக்கக் குதிரையின் தோளில் ஒரு கையை வைத்தபடியே நடந்தார்.

இரண்டு மணிக்குப் பிஸ்கட் வாலைத் தூக்கியது. ரக்ஷா சேற்றில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். சுடச்சுடக் கிடந்த அந்தக் குவியலைப் பற்றி அப்பா எதையும் குறித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போன் பண்ணி, "போட்டுடுத்து" என்று மட்டும் சொன்னார். மறுமுனையில் அம்மா பெருமாளைக் கூப்பிட்டது எனக்கும் கேட்டது.

நான்கு நாள் ஊறவைத்த புல். வெந்நீர் கேன்களைக் காரில் கொண்டுபோனோம். பிறகு அட்டவணையில் மறுபடியும் முதல் நாள்.

அன்று வியாழக்கிழமை. ரக்ஷா ஸ்கூலுக்குப் போயிருந்தாள். நான் காரைத் திருப்பி நிறுத்திவிட்டு வந்தபோது அப்பா என்னைக் கவனிக்கவில்லை. புது மூட்டையைச் சுற்றி வந்து ஒவ்வொரு மடிப்பையும் தடவிப் பார்த்தார். பிரித்தார். சுவரில் சர்டிஃபிகேட் இருந்த இடத்தில் நான்கு டேப் துண்டுகள் மட்டும் ஒட்டியிருந்தன. தராசை இன்னும் தொடவில்லை. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

கையுறையைக் கழற்றினார். ஒரு பிடி அள்ளி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் தேய்த்தார். பிஸ்கட் கதவுக்கு மேலாகக் கழுத்தை நீட்டிக் காத்திருந்தது.

"இரு" என்றார் அதனிடம்.

மூக்கருகே கொண்டுபோனார். ஒருமுறை முகர்ந்தார். திருப்தியில்லை போலிருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை முகர்ந்தார்.