வலிப்பட்டை

பதினாறாம் நாள் கும்பிட்ட மறுநாள், மனைவி உமாமகேஸ்வரியின் சேலைகளை அடுக்கோடு ஒரு பையில் திணித்து எதிர்வீட்டுச் சேசம்மாளிடம் கொடுத்துவிட்டான் மாசானம். செத்தவர் துணி வீட்டில் தங்கக் கூடாது என்றார்கள். அவன் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் வந்தனா போன் செய்தாள். உமாவுக்குப் புற்றுநோய் முற்றியபின் தாராவிக்கே வந்து வலி மருந்து கொடுத்தவள். தோலில் ஒட்டும் பட்டைகள் மீதி இருக்குமே, ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிடுங்கள் என்றாள் இந்தியில். குப்பையில் போடக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது. பழகாத உடம்பில் ஒன்றே மூச்சை நிறுத்திவிடும். சூடு பட்டால் இன்னும் மோசம்.

அலமாரியைத் திறந்தான். பட்டை டப்பாவை உமா சேலைகளுக்கு நடுவில்தான் வைப்பாள். அலமாரி காலியாக இருந்தது.

எதிர்வீட்டு வாசலில் சேசம்மாளின் மகள் ரீனா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"பெரிம்மா எங்க?"

"மெதுவாப் பேசுங்கண்ணே, உறங்குதா. முட்டுவலின்னு எங்களையும் உறங்க விடமாட்டா. உங்க பையில கெடந்த பிளாஸ்திரியை நேத்து ஒட்டுனா. இன்னைக்குப் பூசைக்குக்கூட எழும்பல, மகாராணி! நல்லாப் பிடிக்கட்டும்னு சுடுதண்ணிப் பையும் வச்சுருக்கேன்."

உள்ளே பாய்ந்து சுடுதண்ணிப் பையைத் தூக்கி எறிந்தான். சேசம்மாளின் உதடு கறுத்திருந்தது. ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வர வெகுநேரம் ஆனது. பட்டையை உரித்து, பசைப்பக்கம் உள்ளே போக மடித்தான்.

"ரீனா, டப்பாவை எடு. ரிக்‌ஷா பிடி."

"பிளாஸ்திரிதான அண்ணே..."

"உமாவுக்கு அது மருந்து. உங்கம்மைக்கு வெஷம்."

ரிக்‌ஷா நெரிசலில் நின்று நின்று போனது. அவன் தோளில் சரிந்த தலையை நிமிர்த்திக் கன்னத்தில் தட்டினான். "பெரிம்மா, மூச்சை இழுங்க."

"ஏலே, உறக்கம் வருது... விடுல."

கடைசி நாளில் உமாவும் இப்படித்தான் கேட்டாள். தூங்கு என்று அன்று தலையைத் தடவிவிட்டான்.

இப்போது ஓங்கி அறைந்தான். "உறங்கப்படாது. இழுங்க!"

"எங்கம்மையப் போட்டு அடிக்கியளே!" என்று ரீனா அழுதாள். அவன் நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் டப்பாவைப் பார்த்ததும் அந்த மருந்தை முறிக்கும் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் சேசம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அலறினாள். "வலிக்கே! கர்த்தாவே, வலிக்கே!"

மாசானம் சுவரோரம் உட்கார்ந்தான். அந்தச் சத்தத்தை உமாவிடம் மாதக்கணக்கில் கேட்டவன் அவன். அது நிற்க வேண்டாம் என்று நினைத்தது இதுதான் முதல்முறை.